சீனத்தி கடைக் கஞ்சி

போன ஆவணியில் கனடாவிலிருந்து வந்து நின்ற என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள், "வா, வா" என்று என்னை யாழ்ப்பாணத்துக்கு இழுத்துக்கொண்டு போய் ஒரு தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடையில் இருத்தினார்கள். கோப்பை வந்தது. நான் குனிந்து முகர்ந்து பார்த்தேன். பிறகு கரண்டியை விட்டு அடியில் என்ன கிடக்கிறதென்று கிளறினேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "உனக்கு இன்னும் சீனத்தி பயம் போகேல்லையடி" என்றாள் ஒருத்தி.

அங்கேயே சொல்லியிருப்பேன். பக்கத்து மேசையில் சின்னஞ்சிறுசுகள் இருந்தபடியால் வாயை மூடிக்கொண்டேன். இப்போது சொல்கிறேன், என் வயதுக்காரர் எல்லோரும் கேளுங்கள். சீனத்தி என் ஐயாவுக்கு மருந்து போட்ட கதையை நீங்கள் பள்ளிக்கூட வேம்புக்குக் கீழே இருந்து சொல்லித் திரிந்தீர்கள். சிலர் அதைப் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். அந்தக் கோப்பைக்கு முன்னால் இருந்தவள் நான். நீங்கள் ஒருவரும் இருக்கவில்லை.

எங்கள் வீடு சரவணையில். ஐயாவுக்கு ஊர்காவற்றுறைச் சுங்கக் கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. காலையில் அம்மா சோற்றைக் கட்டிக் கொடுப்பார். ஐயா சைக்கிளில் போவார். பொழுது சாயத் திரும்புவார். வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு ஐயாவின் மூத்த சகோதரி, என் மாமி. அண்ணை யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படித்தான். அதனால் வீட்டில் நடந்தது எல்லாவற்றுக்கும் கண்ணும் காதுமாக இருந்தது நான் ஒருத்திதான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

ஐயாவின் கந்தோருக்குப் பின் ஒழுங்கையில், கடலுக்குள் நிற்கும் கோட்டை தெரிகிற மாதிரி ஒரு வீடு இருந்தது. மலாயாவில் றெயில்வேயில் வேலை பார்த்து இளைப்பாறி வந்த பென்சனியர் ஒருவர் அதில் மனைவியோடு இருந்தார். பிள்ளைகள் இல்லை. அவர் எங்கள் தீவகத்து ஆள்தான். மனைவியின் முகம் மட்டும் சீன முகம். ஊருக்கு அவர் சீனத்தி. அந்த வீட்டு முன் விறாந்தையில் இருந்து சாப்பிட நாலு வாங்கும், கப்பலில் கொண்டுவந்த சலவைக்கல் மேசையும் போட்டு, வாசலில் ஒரு பலகையில் சோக்கட்டியால் 'மலாயாச் சாப்பாடு' என்று எழுதி வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமையில் மட்டும் பூட்டு.

யார் போய்ச் சாப்பிட்டார்கள் என்கிறீர்களா? மற்ற மலாயாப் பென்சனியர்மார்தான். காரைநகரிலிருந்து தோணியேறி, புங்குடுதீவிலிருந்து பஸ் ஏறி, குடையும் வெள்ளை வேட்டியுமாக வருவார்கள். வந்து இருந்ததும் நமக்கு விளங்காத ஒரு பாஷையில் சத்தம் போட்டுச் சிரிப்பார்கள். ஊரில் சிரிக்கவே தெரியாத மனிதர்கள் அங்கே உறைப்பில் மூக்கு வடிய வடியச் சிரித்ததை நான் என் கண்ணால் கண்டேன்.

"அவ சீனத்தியில்லை" என்று ஐயா ஒருநாள் மாமிக்குச் சொன்னார். "அங்கை எங்கட ஆக்கள் குழந்தையாய் எடுத்து வளத்த பிள்ளை. அந்த நாளையிலை சீனச் சனம் பொம்பிளைப் பிள்ளையளை வளக்கக் குடுத்துவிடுறது வழக்கம். தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை படிச்சவ. தேவாரம் உங்களைவிட வடிவாய்ப் பாடுவா."

"முகத்தைப் பாத்தால் எனக்குத் தெரியாதே?" என்றார் மாமி. "கண்டறியாத தேவாரம்!"

அந்த வருசம் ஆனி மாதமளவில் ஐயா மெலியத் தொடங்கினார். முதலில் சேட்டின் கழுத்துப் பட்டி அகன்றது. பிறகு கன்னத்துக்குள் நிழல் விழுந்தது. இரவுச் சாப்பாட்டில் இரண்டு வாய் அளைந்துவிட்டு, "காணும், வயிறு மந்தமாய்க் கிடக்கு" என்று எழும்புவார். மீன் குழம்பு வைத்தால் குழம்பை மட்டும் குடிப்பார். அம்மா கட்டிக் கொடுத்த சோற்றுப் பார்சலை அவர் வழியில் றோட்டோரத்து நாய்க்கு வைத்ததைக் கண்டதாக ஒரு பஸ் கொண்டக்டர் மாமிக்குச் சொன்னான். அவர் தினமும் மத்தியானம் சீனத்தி கடையில் இருப்பதாக வேறொருவர் சொன்னார்.

மாமி வேலிக் கண்டாயத்தால் நுழைந்து வந்து எங்கள் குசினிக் கதவில் நின்றார். எனக்கு அது இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். மாமி குரலைத் தாழ்த்தி, "மச்சாள், தம்பிக்கு மருந்து போட்டாச்சு" என்றார்.

நம் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆளைத் தன் பக்கம் இழுக்கச் சாப்பாட்டுக்குள் வைத்துக் கொடுக்கிற மருந்து. தலைமயிர், நகம், சுடலைச் சாம்பல், இன்னும் வாயால் சொல்லக்கூடாத சாமான்கள் எல்லாம் அதிலே சேரும் என்பார்கள். வயிற்றுக்குள் போனதும் அது ஒட்டிக்கொள்ளுமாம். வீட்டுச் சோறு இறங்காது. உடம்பு வற்றும். மருந்து போட்ட கை தருவதை மட்டும்தான் ஆள் தின்னும். மாமி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அம்மாவின் கை துருவலையில் அப்படியே நின்றுவிட்டது. ஏனென்றால் ஒவ்வொன்றும் ஐயாவுக்குப் பொருந்தியது.

ஐயா இனி எங்களை மறந்துவிடுவார், வீட்டுக்கு வராமல் அந்த ஒழுங்கையிலேயே நின்றுவிடுவார் என்று நினைத்தேன். பேய் பிசாசுக்கு விபூதி இருக்கிறது. வயிற்றுக்குள் ஒட்டியதற்கு என்ன செய்வது?

பள்ளிக்கூட விடுதலை தொடங்கியதும் அம்மா ஐயாவிடம், "இஞ்சேருங்கோ, பிள்ளை வீட்டிலை நிண்டு பிரளி பண்ணுறாள். ஒருக்காக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போங்கோவன்" என்றார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது வேறு. "அவள் ஐயாவுக்கு என்ன போடுறாள், எதிலையிருந்து எடுக்கிறாள், வடிவாய்ப் பாத்துக்கொண்டு வா. நீ ஒண்டையும் விழுங்கிப் போடாதை, என்ர செல்லம்." சட்டையின் உட்பக்கத்தில் விபூதிப் பொட்டலம் ஒன்றை ஊசியால் குத்திவிட்டார். அந்த ஊசி வழியெல்லாம் நெஞ்சில் உரசிக்கொண்டே வந்தது.

சைக்கிள் பாரில் இருந்து போகும்போது ஐயாவின் மூச்சு என் தலைக்கு மேலே கேட்டது. அவர் அடிக்கடி எச்சில் துப்பினார். நான் அதையும் மருந்தின் வேலையென்று எடுத்துக்கொண்டேன்.

கடையின் மணம் ஒழுங்கை முகப்பிலேயே வந்து பிடித்தது. இறால் காயவைத்து இடித்துப் புளிக்கவிட்ட ஒரு கட்டியைச் சீனத்தி நெருப்பில் வாட்டிக்கொண்டிருந்தார். கருவாட்டு மணத்தில் பிறந்து வளர்ந்த தீவாருக்கு அது ஒரு மணமே இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அது சுடலை மணமாக மணத்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, என் மூக்கும் அப்படித்தான் இருந்தது.

"ஆர் இது, உங்கட கடைக்குட்டியே? வாங்கோ ராசாத்தி, இருங்கோ" என்றார் அவர். நான் திகைத்துப்போனேன். குரல் எங்கள் பெரியம்மாவின் குரல்தான். கண்ணை மூடினால் சரவணை, திறந்தால் சீனம். நெற்றியில் திருநீறு, கொண்டையில் ஒரு நந்தியாவட்டைப்பூ. இந்த இரண்டும் ஒரே ஆளில் இருந்தது எனக்கு இன்னும் பயத்தைக் கூட்டியது. வேஷம் போட்டு வந்தவர்களைப் பற்றித்தானே நாம் கதை கேட்டு வளர்ந்தோம்.

எனக்கு முன்னால் ஒரு கோப்பை வந்தது. மீன் சொதி போல ஒன்று, அதற்குள் இடியப்பம். மலாயாவில் அதற்கென்று ஒரு இழை இருக்கிறதாம். இங்கே கிடைக்காததால் இடியப்பத்தைப் போடுகிறாராம். மேலே ரம்பை இலையும் வெங்காயமும் ஒரு பாதி முட்டையும். பக்கத்தில் நீல மீன் கீறிய பீங்கான் கரண்டி. நான் அந்தக் கரண்டியைத் தொடவில்லை.

ஐயாவுக்கு வந்தது வேறு. அதைத்தான் நான் பார்க்க வந்தேன், பார்த்தேன். வெள்ளையாக, குழைந்து, பசை போல ஒரு கஞ்சி. சீனத்தி அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அலுமாரியைத் திறந்து ஒரு சின்னக் கறுத்தப் போத்தலை எடுத்து, அதிலிருந்து ஏதோ எண்ணெயை ஐயாவின் கோப்பைக்குள் மட்டும் விட்டார். வேறு ஒருவருக்கும் விடவில்லை.

ஐயா கரண்டியின் நுனியில் எடுத்தார். கழுத்தை ஒரு பக்கம் சரித்து, கண்ணை மூடி விழுங்கினார். நிறுத்தினார். மீண்டும் எடுத்தார். பாதியில் அவருக்குப் புரையேறியது. முகம் கறுத்தது. சீனத்தி பின்னால் ஓடிவந்து அவருடைய முதுகில் உள்ளங்கையால் மெல்ல மெல்லத் தட்டினார். பென்சனியர் தண்ணீர்ப் பேணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் வீட்டில் அம்மாவே ஐயாவை மற்றவர்களுக்கு முன்னால் தொட்டதை நான் கண்டதில்லை.

"பிள்ளை, லோஞ்ச் வருகுது, போய்ப் பாருங்கோ" என்று பென்சனியர் என்னை வெளியே அனுப்பினார். நான் படகு வந்து சேரும் பாலத்தடியில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். இருவரும் ஐயாவின் இரண்டு பக்கமும் குனிந்து ஏதோ சொன்னார்கள். ஐயா இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு துவாயால் முகத்தை மூடிக்கொண்டார்.

திரும்பி வந்தபோது என் கோப்பை அப்படியே இருந்தது. எனக்குப் பசி. சொன்னால் வெட்கம், அந்தப் பசியில் நான் அம்மாவின் சொல்லை மறந்தேன். ஒரு வாய் எடுத்து அடக்கி வைத்திருந்தேன். தேங்காய்ப்பால், புளி, மீன், உறைப்பு. நாக்கு என்னைக் கேட்கவில்லை. விழுங்கிவிட்டேன். பிறகு அடியில் இருந்த கடைசித் துளி வரைக்கும் குடித்தேன். குடித்து முடிந்த பிறகுதான் பயம் வந்தது. ஐயோ கடவுளே, எனக்கும் போய்விட்டது என்று நினைத்தேன்.

அன்றைக்குப் பொழுதுபட அம்மா புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தார். நான் ஒரு வாயை எடுத்து, கண்ணை மூடி, பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு விழுங்கினேன். இறங்கியது. இன்னொரு வாய். அதுவும் இறங்கியது. நான் அழத் தொடங்கினேன். ஏன் அழுகிறாய் என்று அம்மா கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. எதிரே ஐயா புட்டை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு அம்மாவும் மாமியும் தனியாகக் கேட்டதற்கு நான் கண்டதைச் சொன்னேன். கறுத்தப் போத்தல், தனிக் கஞ்சி, முதுகில் தட்டியது. ஒன்றையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. முதுகில் தட்டியதைச் சொன்னபோது அம்மா என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தார்.

அடுத்த கிழமை ஐயா கந்தோரில் இருந்த நேரம் மாமி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். கடையில் நாலைந்து பென்சனியர்மார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமி ஒழுங்கையில் நின்றபடியே கத்தினார்.

"எடியே, வெளியிலை வா! என்ர தம்பிக்கு என்னத்தையடி போட்டனி?"

அவர் கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"சொல்லடி பிள்ளை, கண்டனியோ இல்லையோ? கறுத்தப் போத்தலிலையிருந்து விட்டவளோ இல்லையோ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சாப்பிட்டவர்களின் கை கோப்பைக்குள்ளேயே நின்றது. நான் "ஓம்" என்றேன். கண்டதுதானே.

"பிள்ளையை விடுங்கோ. அது பயந்து நடுங்குது" என்றார் அவர். முகம் சிவந்துவிட்டது. "அது நல்லெண்ணெய். வழுக்கிக்கொண்டு போறதுக்கு விட்டனான். நானும் பச்சைத்தண்ணி பல்லிலை படாமல் கந்தசட்டி பிடிக்கிறனான். பழியைக் கொண்டந்து என்ர வாசலிலை போடாதேங்கோ."

"என்னத்துக்கடி அவனுக்கு வழுக்கவேணும்?"

அவர் வாயைத் திறந்தார். பிறகு புருஷனைத் திரும்பிப் பார்த்தார். பென்சனியர் வேண்டாமென்று மெல்லத் தலையை ஆட்டினார். "அதை உங்கட தம்பியிட்டைக் கேளுங்கோ" என்றுவிட்டுச் சீனத்தி உள்ளே போனார். அந்த வாரத்தோடு கடைக்குச் சனம் வருவது நின்றது. பலகையில் இருந்த எழுத்தை யாரோ சாணியால் பூசிவிட்டார்கள்.

மாமி கேட்டார். அம்மாவும் கேட்டார். ஐயா சாய்மனைக் கதிரையில் இருந்து கூரையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். குற்றம் உள்ளவன்தான் பேசாமல் இருப்பான் என்று மாமி சொன்னார். "புங்குடுதீவிலை மருந்தெடுக்கிற ஒருத்தர் இருக்கிறார். வெறுவயித்தோடை போகவேணும். வாறியோ?"

எங்கள் ஐயா இங்கிலிஷ் பேப்பர் வாசிக்கிறவர். வைரவருக்கு வடைமாலை சாத்துவதையே பகிடி பண்ணுகிறவர். மாமியை விசரி என்று ஏசுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் மெல்ல எழும்பி, "வாறன் அக்கா" என்றார்.

இந்த வயதில்தான் எனக்கு அது விளங்குகிறது. மருந்தென்றால் எடுத்துவிடலாம். மற்றதென்றால் என்ன செய்வது? தொண்டைக்குள் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரிந்திருக்கும், அல்லது தெரியாமல் இருக்கப் பார்த்திருப்பார். எங்கள் எல்லோரையும்விடக் கூடுதலாகப் பயந்துபோயிருந்தது அவர்தான். ஊர் சொன்ன பொய்யில் போய்த் தொங்கிக்கொண்டார், பாவி மனுசன்.

வாடகைக் காரில் போனோம். தாம்போதியில் இரண்டு பக்கமும் கடல் அசையாமல் கிடந்தது. மருந்தெடுக்கிறவரின் முற்றத்தில் எங்களைப் போல இன்னும் இரண்டு குடும்பங்கள் குந்தியிருந்தன. அவர் சின்ன உருவம், வெற்றிலை வாய், மிக மரியாதையான பேச்சு. ஐயாவைப் பாயில் கிடத்தி வயிற்றைத் தடவினார். விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. சேட்டுக்குள்ளே ஐயா இவ்வளவு குறைந்துபோயிருந்தார் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். அம்மாவும் அன்றைக்குத்தான் கண்டிருப்பார், வாயில் சேலைத்தலைப்பை வைத்து அமுக்கிக்கொண்டார்.

மருந்தெடுக்கிறவர் ஒரு குழலை வயிற்றில் வைத்து வாயால் உறிஞ்சினார். ஐயா முனகினார். உறிஞ்சி உறிஞ்சி, வாழையிலைத் துண்டில் துப்பினார். கறுத்த ஒரு கட்டி, அதிலே சுருண்டு ஒட்டிய மயிர். மாமி "அம்மாளாச்சி!" என்று தலையில் கைவைத்தார். நான் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். ஆனால் உள்ளே ஒரு பக்கம் எனக்குப் பெரிய ஆறுதல். வெளியே வந்துவிட்டது. இனி ஐயா எங்களுடையவர்.

ஐயா முழங்கையை ஊன்றி எழும்பி அந்தக் கட்டியை நெடுநேரம் பார்த்தார். பிறகு சின்னப் பிள்ளை போலக் கேட்டார்.

"இனிச் சோறு இறங்குமோ?"

"ஏன் இறங்காது? இண்டைக்கே மனிசியின்ரை கையாலை வாங்கிச் சாப்பிடுங்கோ."

வீட்டுக்கு வந்ததும் அம்மா குளித்து, ஈரத்தலையோடு சமைத்தார். முருங்கைக்காய்க் குழம்பு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், ஐயாவுக்குப் பிடித்த வல்லாரைச் சம்பல். தலைவாழையிலை போட்டார். ஐயா இருந்தார். நாங்கள் மூவரும் சுற்றி நின்றோம். அம்மா சோற்றைக் குழைத்து, வெட்கத்தை விட்டு, தன் கையால் ஒரு கவளத்தை அவர் வாயில் வைத்தார்.

ஐயா மென்றார். அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். மென்றுகொண்டே இருந்தார். கழுத்தைச் சரித்தார். அந்தக் கழுத்துச் சரிவு எனக்குத் தெரியும். அவருடைய கண்ணில் தண்ணீர் நிறைந்தது, நெற்றி நரம்பு புடைத்தது, கை பாயைப் பிறாண்டியது. பிறகு எழும்பிப் பின்வளவுக்கு ஓடினார். கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவர் ஓங்காளித்த சத்தம் பக்கத்து வளவுகளுக்கும் கேட்டிருக்கும்.

"எடுத்தாச்சே... என்ர கண்ணாலை கண்டனானே... எடுத்தாச்சே" என்று அம்மா திருப்பித் திருப்பிச் சொன்னார். கையில் மிச்சக் கவளம் இருந்தது.

"உள்ளுக்கை வேர் கிடக்கும் மச்சாள். இன்னொருக்காப் போவம்" என்றார் மாமி.

"அம்மா, ஐயாவுக்கு விழுங்க ஏலாது" என்று நான் சொன்னேன். "அங்கையும் அப்பிடித்தான். அங்கையும் கஞ்சிதான் கொஞ்சம் கொஞ்சமாய்ப் போகும். அதுவும் சிலநேரம் போகாது."

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு கையைக் கழுவினார். தூக்குச் சட்டியை எடுத்து, அதே ஈரத்தலையோடு படலையைத் திறந்துகொண்டு நடந்தார். மாமி "எங்கை மச்சாள் போறியள்?" என்று கத்தினார். நான் பின்னால் ஓடினேன். சந்தியில் பஸ் ஏறினோம்.

கடை திறந்திருக்கவில்லை. அவர் பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா போய் முன்னால் நின்றார். தூக்குச் சட்டியை நீட்டினார்.

"அவர் ஒண்டும் தின்னுறாரில்லை" என்றார்.

அவர் சட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் இரண்டு கையையும் பிடித்தார். "கஞ்சி இப்ப ஆக்கித் தாறன், தங்கச்சி. ஆனால் உது கஞ்சியாலை மாறுற வருத்தமில்லை. நாங்கள் எவ்வளவோ சொல்லிப் பாத்தம். நாளைக்கு விடியப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போவம். என்ர மனிசனும் வருவார்." அம்மா அந்த ஈர நிலத்திலேயே இருந்துவிட்டார்.

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் டொக்டர் ஐயாவின் தொண்டையைப் பார்த்தார், கழுத்தை அமுக்கிப் பார்த்தார். பிறகு அம்மாவைக் கேட்டார், எவ்வளவு காலமாக விழுங்கக் கஷ்டம் என்று.

"ஒரு... ஒரு மாசம் இருக்கும்" என்றார் அம்மா.

"இல்லை டொக்டர்" என்றது பின்னால் ஒரு குரல். "சித்திரைக்கு முன்னமே சோறு இறங்கேல்லை. ஆனியிலை இடியப்பமும் ஏலாமல் போட்டுது. இப்ப கஞ்சியும் வடிச்சுத்தான் குடுக்கிறனான்."

அம்மா திரும்பி அவரைப் பார்த்தார். கோபமில்லை. ஒரு வீட்டுக்குள் பதினைந்து வருசம் இருந்துவிட்டு, தன் புருஷனைப் பற்றி இன்னொருத்தியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறவளின் முகம் அது. எனக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பயமாயிருந்தது. ஏன் இவ்வளவு நாள் வைத்திருந்தீர்கள் என்று டொக்டர் கேட்டார். தொண்டையில் புற்று முற்றிவிட்டது என்றார்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். நான் நடுவில்.

"எனக்கேன் சொல்லேல்லை?" என்றார் அம்மா.

"சத்தியம் வாங்கினவர், தங்கச்சி. அவ பயந்து போவா, தாங்கமாட்டா எண்டு என்ர மேசையிலை இருந்து அழுதவர்."

"பயந்தால் பயந்திட்டுப் போறன். பயந்தால் நான் செத்தே போவன்?" என்று அம்மா அந்த விறாந்தை முழுக்கக் கேட்கக் கத்தினார். நேர்ஸ் ஒருத்தி ஓடிவந்து சத்தம் போடாதேங்கோ என்றாள்.

சித்திரையிலேயே கொண்டுபோயிருந்தால் ஐயா பிழைத்திருப்பாரா என்று என் டொக்டர் மருமகனைக் கேட்டிருக்கிறேன். அந்தக் காலத்தில் சொல்ல ஏலாது என்று ஒவ்வொரு முறையும் மழுப்புகிறான். மாரி மழை முடிவதற்குள் ஐயா போய்விட்டார். கடைசி வரைக்கும் அந்த வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. பிறகு பஞ்சில் தோய்த்துக் கொடுக்கத் தண்ணீர் வந்தது. இதைத்தான் நீங்கள் மருந்து போட்ட கதை என்கிறீர்கள்.

செத்தவீட்டன்று முற்றம் நிறையச் சனம். கிரியை முடிந்து வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். பறை சத்தத்தில் என் வயிறு அதிர்ந்துகொண்டிருந்தது. ஐயா சுருங்கிப்போய்க் கிடந்தார், வாய் கொஞ்சம் திறந்தபடி. சனம் வரிசையாக வந்தது. மாமி குழறி அழுதுகொண்டு வந்து, ஓலைப்பெட்டிக்குள் கையை விட்டு, அரிசியை ஒரு பிடி அள்ளினார்.

அம்மா அதுவரை அழாமல் தலைமாட்டில் இருந்தவர். சட்டென்று எழும்பி மாமியின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கொஞ்சமாய்ப் போடுங்கோ மச்சாள்" என்றார். "அவருக்கு இறங்காது."

மாமி கையை விரித்தார். அரிசி பாயில் கொட்டியது. பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா அதையே சொல்லிக்கொண்டு நின்றார்: "கொஞ்சமாய். மெல்ல. அவருக்கு இறங்காது."